ஒரு தலை குறையுது

அட, உக்காருங்க. அந்த நாற்காலி யாருக்கும் புடிச்சு வைக்கலை, என் பைதான். இதோ எடுத்துட்டேன். இந்தப் பக்கம் வெயில் கொஞ்சம் கம்மி. காபி எடுத்துக்கிட்டீங்களா? கழனித்தண்ணி மாதிரிதான் இருக்கு, சும்மாத்தானே குடுக்கறாங்க. அந்த டோனட்டை மட்டும் தொடாதீங்க, நேத்து சுட்டது.

உங்களையும் அந்த வாசல்ல நிக்கற பையன்தான் இங்க அனுப்புனானா? நீலச் சட்டை போட்டுக்கிட்டு, பெத்தவங்கல்லாம் இந்தப் பந்தல், பெத்தவங்கல்லாம் இந்தப் பந்தல்னு கூவிக்கிட்டு இருந்தானே, அவன்தான். நானும் அவன் கை காட்டுன பக்கம் வந்து உக்காந்துட்டேன்.

உசரமா ஒரு பையன் உங்களைத் திரும்பிக்கூடப் பாக்காம போனானே, அவனா உங்க புள்ளை? விடுங்க. அம்மா பக்கத்துல நின்னா மானம் போயிருதாம் இதுங்களுக்கு. பசிச்சா தானா தேடிக்கிட்டு வருவான்.

எனக்கு ஒரு பொண்ணு. ஓடாலிஸ். வர்ற மாசம் இருபத்தொண்ணு முடியுது. இல்லைங்க, உங்க பையன் மாதிரி பள்ளிக்கூடம் முடிச்ச கையோட நேரா இங்க வர்ற வழி இல்ல. கம்யூனிட்டி காலேஜ். ரெண்டு வருஷம் அங்க படிச்சுட்டு மூணாவது வருஷத்துக்கு இங்க தாவறது. ஆ, பரவால்லங்க, நீங்க மொகத்தை அப்பிடி மாத்திக்க வேண்டாம். அந்தப் பேரைச் சொன்னா எல்லாருமே ஒரு ஓன்னு இழுப்பாங்க, எனக்குப் பழக்கம்தான். எங்க வீட்டுக்கும் அந்தக் காலேஜுக்கும் நடுவுல ஒரு டயர்க் கடையும் ஒரு சர்ச்சும்தான். யார் வேணா சேரலாம். சேர்றது சுலபம், அங்கேருந்து வெளிய வர்றதுதான் கஷ்டம்.

அவளுக்கு உயிரியல்தான் படிக்கணும். சின்னதுல மூக்குல ரத்தம் வந்தா மத்த புள்ளைங்க அழும். இவ டம்ளர்ல புடிச்சு வெளிச்சத்துல காட்டிப் பாப்பா. அப்பவே தெரிஞ்சுபோச்சு. வேற எங்கயும் வேண்டாம், இந்த யூனிவர்சிட்டிதான்னு ஒத்தக் கால்ல நின்னா. 

சும்மா படிச்சுட்டு விண்ணப்பம் போட்டா கூட்டத்தோட கோவிந்தாதான். ஆனர்ஸ்னு ஒரு வழி இருக்குங்க. பாடம் அதேதான். ஆனா சின்ன கிளாஸ், தடி தடியா புஸ்தகம், வாரா வாரம் எழுதித் தள்ளணும். அந்த மாதிரி ஆறு கிளாஸ் நல்ல மார்க்கோட முடிச்சா, இவங்க எங்க ஆனர்ஸ் புள்ளைங்கன்னு காலேஜே இங்க எழுதி அனுப்பும். இவங்களும் அந்தப் பேரையெல்லாம் தனியா வச்சுப் பாப்பாங்க. எடம் நிச்சயம்னு கெடையாது. பின்னால நிக்கற ஆளைக் கையைப் புடிச்சு கொஞ்சம் முன்னால விடற மாதிரி, அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இத்தனை பாடு.

நானா? லாண்டிரில. ஆஸ்பத்திரி விரிப்பு, போர்வையெல்லாம் வர்ற எடம். எனக்கு மடிக்கற மேஜை. எதிரும் புதிருமா ரெண்டு பேர் நிக்கணும், எனக்கு ரெண்டு முனை, அவளுக்கு ரெண்டு முனை. உதறணும், சேக்கணும், மடிக்கணும். பதினெட்டு வருஷமா என் எதிர்ல லூடிவினாதான். எம் புருஷன் மொகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பாத்ததில்ல. ஐயோ, சாகலைங்க. டெக்சாஸ்ல இருக்காரு.

மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் ஷிஃப்ட். அதனால காலைல நானும் அந்தக் காலேஜுக்கு ஒரு கிளாஸ் போவேன். மொதல்ல இங்கிலீஷ் கத்துக்கப் போனேன். அப்புறம் விட மனசு வரலை. இந்த வருஷம் ஒண்ணு, அடுத்த வருஷம் ஒண்ணுன்னு வருஷக்கணக்கா. சில பேரு எதையும் கேக்காம சர்ச்சுல போயி பின் பெஞ்சுல உக்காந்துட்டு வருவாங்கள்ல, அது மாதிரி.

அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த ஆனர்ஸ் கிளாஸ் இருக்கே, பதினஞ்சு பேர் சேரலைன்னா மூடிடுவாங்க. ஓடாலிஸ் சேந்த மொத கிளாஸ் சரித்திரம். பதினாலு பேருதான் இருந்தாங்க. மூடப்போறாங்கம்மான்னு அழுதுகிட்டே வந்தா. நீ வந்து பேரைக் குடும்மா, தலை எண்ணற நாள் வரைக்கும் சும்மா உக்காரு, அதுக்கப்புறம் நின்னுக்க, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கன்னா. அவதாங்க சொன்னா. நானா கேக்கலை.

போனேன். தலை எண்ணுனாங்க. நான் நிக்கலை.

ஏன்னா... எப்பிடிச் சொல்றது. அந்த வாத்தியார் ஒரு நாள் கேட்டாரு, ஒரு சண்டை முடிஞ்சுபோச்சுன்னு யாரு முடிவு பண்றதுன்னு. புள்ளைங்கல்லாம் புஸ்தகத்தைப் புரட்டுதுங்க. என்னையறியாம வாய் தொறந்துருச்சு. எங்க நாடு எல் சால்வடோர்ல சண்டை முடிஞ்சாச்சுன்னு ரேடியோல சொன்னாங்க, அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் எங்கம்மா கதவுக்கு மேஜையை முட்டுக் குடுத்துட்டுத்தான் படுத்தான்னு சொன்னேன். ஓடாலிஸ் என்னைத் திரும்பிப் பாத்தா. பெருமையாத்தான் பாத்தா. பெருமையோட இன்னொண்ணும் இருந்துச்சு அந்தக் கண்ணுல, அது என்னன்னு அப்ப புரியலை.

அதுலேருந்து ஒவ்வொரு செமஸ்டரும் ஏதாவது ஒண்ணு ரெண்டு கிளாஸுக்கு ஆள் பத்தாது. இவ சிநேகிதங்க வாசல்ல வந்து நிப்பாங்க. தோன்யா ஹசிந்தா, ஒரு தலை குறையுது! எங்காளுங்க மூத்த பொம்பளையை அப்பிடித்தான் மரியாதையாக் கூப்பிடறது. பக்கத்து வீட்டுல சக்கரை கடன் கேக்கற மாதிரி கேப்பானுங்க. ஆளுக்கு ரெண்டு புபுசா, அதான் எங்க ஊர் சோள அடை, சுட்டுப் போட்டுட்டு, என்ன பாடம்டான்னு கேப்பேன். தத்துவம்னுவான். சரி, எழுதிக்கடான்னுடுவேன். என் தலை அப்பிடி ஊருக்குப் பொதுத் தலையாப் போச்சு.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். அம்மாவும் பொண்ணும் ஒரே பெஞ்சு. ஒரு புஸ்தகம் வாங்கி ரெண்டு பேரும் படிப்போம், நான் காலைல, அவ ராத்திரி. சண்டையா? வராம இருக்குமா! ஒரு கட்டுரைக்கு எனக்கு ஏ போட்டு அவளுக்கு பி போட்டுட்டாங்க. அன்னைக்கு ரெண்டு வேளை சோறு திங்கலை. மறுநாள் அவளே வந்து, அம்மா, நீ எப்பிடி ஆரம்பிக்கறே, சொல்லிக் குடுன்னா. எனக்கு என்ன தெரியும்? விரிப்பை மடிக்கறப்ப மொதல்ல முனையைத் தேடுவேன், அது மாதிரிதான்டின்னேன். போம்மா, உனக்கு எல்லாமே லாண்டிரின்னா. ஆனா சிரிச்சுட்டா.

விண்ணப்பம் போடற சமயத்துலதான் எங்களுக்குள்ள பெரிய தகராறு. ஆனர்ஸ் புள்ளைங்களுக்கு ஒரு சலுகை இருக்கு. கேட்ட பாடத்துல எடம் இல்லைன்னா ரெண்டாவதா வேற ஒண்ணு எழுதிக்கலாம், அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கும். எழுதுடி, எழுதுடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். மாட்டேனுட்டா. உயிரியல் இல்லைன்னா எனக்கு எதுவும் வேண்டாம்னு கட்டத்தைக் காலியா விட்டுட்டா. அவ வயசுல காலியா விடத் தைரியம் இருக்கும். நம்ம வயசுல ஒரு கட்டத்தைப் பாத்தா ரொப்பிட்டுத்தான் மறுவேலை, இல்லையா?

முடிவு ஏப்ரல்ல வந்துச்சு. சாயங்காலம். நான் அன்னைக்கு லீவு போட்டுட்டேன். சமையக்கட்டுல உக்காந்து போனைத் தொறந்தோம். அவ கையைப் புடிச்சுக்கிட்டேன்...

இருங்க. மைக்குல என்னமோ சொல்றாங்க. என்னவாம்? காலேஜ் மாறி வர்ற மாணவர்கள் நீரூத்துக்கிட்ட வரணுமா? ஏங்க, நீரூத்து எந்தப் பக்கம், அந்த மரத்துக்குப் பின்னாடியா?

இல்லைங்க, அவளைத் தேட வேண்டாம். அவ இங்க இல்ல. அவங்க கூப்பிடறது என்னைத்தான்.

இதோ பாருங்க அட்டை, பைக்குள்ளயே வச்சிருக்கேன். ஹசிந்தா மெல்கார், சரித்திரம். அந்த நீலச் சட்டைப் பையன் என் நரையைப் பாத்து இந்தப் பந்தலைக் காட்டுனான். எனக்கும் இங்க உக்காந்திருக்கத்தான் புடிச்சுது. ஆறு கிளாஸ் ஆயிருச்சு, நீங்களும் போடுங்கன்னு எங்க கவுன்சலர் ஹகோப்பியன்தான் சொன்னாரு. நான் சிரிச்சேன். ஓடாலிஸ்தான், போடும்மா, ஒரே பஸ்ல ரெண்டு பேரும் போகலாம்னா. அவளுக்கு மொதல்ல தொறந்தோம். வருந்துகிறோம்னு வந்துச்சு. என்னோடதைத் தொறக்க வேண்டாம்னேன். அவளே தொறந்தா.

வேண்டாம்னு எழுதிடலாம்னுதான் இருந்தேன். என் போனை எடுத்து, வர்றேன்னு அவளே அமுக்கிட்டா. அவளுக்கு பாஸ்வேர்டு தெரியும். அவ பேருதான் பாஸ்வேர்டு.

நான் சொன்னேன்னு வடக்க ஒரு யூனிவர்சிட்டிக்கும் போட்டு வச்சிருந்தா, அங்க அவளுக்கும் எடம் கெடைச்சுதுங்க. ஆனா ரெண்டு பேரும் படிக்கப் போயிட்டா வாடகை யாரு குடுப்பா? இங்க வர்றதுக்கே எனக்கு ரெண்டு பஸ், நாள் பூரா கிளாஸ். ஷிஃப்டுக்கு எப்பிடிப் போவேன்? அடுத்த வருஷம் நான் போட்டுக்கறேம்மா, இந்த வருஷம் நீ போன்னுட்டா. அந்த லாண்டிரில இருக்கறவங்க எல்லாருமே அடுத்த வருஷம்னு சொல்லிக்கிட்டு உள்ள வந்தவங்கதான். நானும் அப்பிடித்தான் வந்தேன்.

மறுபடியும் கூப்பிடறாங்க. வர்றேங்க. கப்பை இங்கயே வச்சுட்டுப் போறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பையன் வந்தா அந்த நேத்து டோனட்டையாவது திங்கச் சொல்லுங்க.

மணி ரெண்டாச்சுல்ல? இந்நேரம் ஓடாலிஸ் ஏப்ரனைக் கட்டிக்கிட்டு நிப்பா. என் மேஜைதான், லூடிவினாவுக்கு எதிர்ல. இவ இடது கைக்காரிங்க, மடிக்கற பக்கம் மாறிப்போயி விரிப்பு கோணிக்கிட்டே வருதாம். லூடி போன்ல ஒரே சிரிப்பு. நீ கவலைப்படாம படிடி, ரெண்டு மாசத்துல அவளுக்குக் கை பழகிரும்னா.

அதாங்க எனக்குப் பயமா இருக்கு.