சுவரில் என் நம்பர்

சாரல் விழும் மாதங்களில் குற்றாலத்தில் துணி காயவே காயாது, மேடம். அறையெடுத்துத் தங்குகிறவர்களுக்கு அது புரியாது. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்தருவி ரோட்டில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளைச் சீசனுக்கு வாடகைக்கு விடுகிறோம். அந்த வருமானத்தில்தான் மற்ற மாதங்களிலும் அடுப்பு எரிகிறது.

என் பெயர் தங்கபுஷ்பம். அது உங்களுக்குத் தெரியும், தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும். வெளிச்சுவரில் பெரிதாக எழுதி, கீழே என் செல் நம்பரும் போட்டிருக்கிறது. எழுதியது என் வீட்டுக்காரர் ஆதித்தன். உங்கள் நம்பரைப் போட்டால் என்ன என்று கேட்டதற்கு, “பொம்பள பேரு இருந்தாத்தான் குடும்பம்லாம் நம்பி வரும்ட்டி” என்றார்.

குடும்பங்கள் வந்தன. மற்றவர்களும் கூப்பிட்டார்கள். அருவியில் தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டுவிட்டால், வந்தவர்களுக்குக் குடிப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. அப்போது சுவரில் பார்த்த நம்பர் ஞாபகம் வரும். வெந்நீரை நீயே ஊற்றிவிடுவாயா என்பதுதான் அவர்கள் கேட்டதிலேயே கொஞ்சம் மரியாதையான கேள்வி. சீசன் முடிந்து ஊருக்குப் போன பிறகும் சிலர் விடுவதில்லை. வீட்டுக்காரரிடம் அழுதேன். “யாவாரம்னா நாலு பேரு கூப்பிடத்தான் செய்வான். வச்சிட்டு சோலியப் பாரு” என்றார். இருபது வருஷமாகச் சோலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிவேதா போன பங்குனியில் எங்கள் மாடிக்குக் குடிவந்தாள். சுரண்டைக்காரி. வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் சுடலைராஜ் அங்கே பைக் பட்டறை வைத்திருக்கிறான். அவன் அடித்த அடியில் ஒரு காது கேட்காமல் போய், விட்டுவிட்டு ஓடிவந்தவள். கண்டால் கொன்றுவிடுவேன் என்று அவளுடைய அம்மா வீட்டு வாசலிலேயே நின்று சொல்லியிருக்கிறான். வந்த அன்றே இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டாள். அதனால் எனக்கு எதுவும் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

பிழைப்புக்குத் தலைமுடி எண்ணெய் காய்ச்சி இன்ஸ்டாகிராமில் விற்றாள். நல்ல எண்ணெய்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்ன ரகசியம், என்ன பாதுகாப்பு! படங்களில் முகம் இருக்காது, ஊர்ப்பெயர் இருக்காது. வியாபாரத்துக்கென்று தனி நம்பர். பார்சலில் அனுப்புகிறவர் விலாசமாகக் கடைப்பெயரும் அந்த நம்பரும் மட்டும். கொரியர்க்காரனை வீட்டுப்பக்கம் வரவிடாமல், தானே பஸ் ஏறித் தென்காசிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். சாயங்காலமானால் அந்தப் போனை அணைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவாள். போனை அணைத்துவைக்கலாம் என்பதே எனக்கு அவளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஆடி பிறந்த சமயம், அருவியில் தடை போட்டிருந்த ஒரு மத்தியானம். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து நெல்லிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு போன் வந்தது. அவன் பேசியது அவள் காதிலும் விழுந்தது. போனை வாங்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆச்சி, சுவத்துல இருக்கத அழிச்சிருவோம். புது சிம் ஒண்ணு வாங்கித் தாரேன். அண்ணாச்சி எடுத்துப் பேசட்டும். ஒரு நா சோலிதான். இத்தன வருசமா ஏன் ஆச்சி சும்மா இருந்திய?”

அன்பாகத்தான் கேட்டாள். அதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் சோலியாம். அதற்குப் போய் நான் இருபது வருஷம் எவனெவனுடைய எச்சில் பேச்சையோ கேட்டிருக்கிறேன். நேற்று வந்தவள் அதைச் சொல்லிவிட்டு நெல்லிக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் மட்டும் என்ன உசத்தி? கடை நடத்துவாளாம், ஆனால் ஒருத்தன் கண்ணிலும் படமாட்டாளாம்.

மறுநாள் சுடலைராஜின் பட்டறையைப் போனில் தேடினேன். பெயர், தெரு, நம்பர் எல்லாம் வந்தது. அவன் எதையும் ஒளித்துவைக்கவில்லை. கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வழியும் சொன்னேன்.

“அங்கன தனியாத்தான் இருக்காளா?” என்றான்.

எண்ணெய் காய்ச்சும்போது புகை போவதற்காக மாடிக் கதவைத் திறந்தே வைத்திருப்பாள், அடுப்பை விட்டு நகரமாட்டாள் என்றேன். எந்தக் கிழமை காய்ச்சுவாள் என்றும் சொன்னேன். தங்குவதற்கு அறை இருக்குமா என்று கேட்டான். அவள் சமையல்கட்டுக்கு நேர் கீழே இருக்கும் அறையை ஒதுக்கி, விரிப்பை மாற்றிவைத்தேன்.

வந்தான். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் செங்கோட்டைக்குப் போயிருந்தார். முகம் கழுவிவிட்டு, நான் கொடுத்த டீயைக் குடித்தான். படிக்கட்டு எங்கே என்று கேட்டான், காட்டினேன். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறினான். சத்தம் கேட்கக் கூடாதென்றுதான் கழற்றினான் என்பது பிறகுதான் புரிந்தது என்று நான் சொல்லலாம். அப்போதே புரிந்தது.

கொஞ்ச நேரத்தில் என் செல் அடித்தது. அவளுடைய சொந்த நம்பர். குற்றாலத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அவள் அதைக் கொடுத்ததில்லை. அடித்து ஓய்ந்தது, திரும்பவும் அடித்தது. எடுக்கவில்லை. அவன் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி அவள்மேல் ஊற்றுவான் என்று நான் நினைக்கவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவுக்குக்கூட முகத்தைக் காட்டாமல் உடலை மூடித்தான் கொடுத்தார்களாமே.

நீங்கள் கம்பிக் கதவைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் ஏறிப்போனதும் படிக்கட்டின் கீழ் இருக்கும் கம்பிக் கதவைப் பூட்டியது நான்தான். சாவி என் இடுப்பில் இருந்தது. அவள் அலறியதைக் கேட்டு ரோட்டில் போன இரண்டு பேர் ஓடிவந்து கதவைப் பிடித்து உலுக்கினார்கள். திறங்க ஆச்சி, திறங்க என்று கெஞ்சினார்கள். நான் திறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம், மேடம். கண்டவர்களும் பார்க்கும்படி அதைத் திறந்துவிட முடியுமா?