பெயரை ரகசியமாக வைக்கவும்

பாஸ்வேர்டு மறந்துபோவதெல்லாம் சகஜம், சார். அதற்காக நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. விஜயபுரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பதினான்கு வருஷமாக நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டோ, காலேஜ் அட்மிஷனோ, எதற்கு வந்தாலும் ஈமெயிலும் பாஸ்வேர்டும் நானே உண்டாக்கி, நானே ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் சட்டைப்பையோடு துவைத்துவிடுகிறார்கள். அந்த நோட்டுத்தான் இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. அட்டையில் நாகபூஷணம் என்று எழுதியிருப்பது என் பெயர்தான். நீங்கள் தெலுங்கில் எழுதிக்கொள்ளுங்கள். நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்மேல் ஹேக்கிங் கேஸ் என்று போட்டிருக்கிறீர்கள். பூட்டை உடைக்கிறவன் திருடன், ஒத்துக்கொள்கிறேன். ஊரே சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனால் அதற்கு என்ன பெயர்? பாபுவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும் அவனுக்கு ஈமெயில் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கு அவன் சித்தூரில் தொழிலாளர் புகார்கள் வந்துசேர்கிற அலுவலகத்தில் கிளார்க். மோட்டார் பைக் மூன்று முறை மாற்றிவிட்டான். பாஸ்வேர்டு மட்டும் நான் கொடுத்ததேதான், அவன் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். அதற்குள் போனால் அலுவலகத்தின் பைல் எல்லாம் தானாக வாயைத் திறக்கிறது. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்க வீட்டுமனைப் பட்டியலை இன்னொருவர் பாஸ்வேர்டில் இப்படித்தான் எடுத்து வெளியிட்டேன். செத்தவர்கள் ஆறு பேருக்கு மனை ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்கு எனக்குச் சால்வை போட்டார்கள், சார். கோயில் மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற கிழவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர்கூட என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. மக்களுடைய விஷயம் மக்களுக்குத் தெரிய வேண்டும், மறைத்து வைக்கிறவன்தான் குற்றவாளி. நான் நம்புவது இது ஒன்றைத்தான்.

செல்லியம்மா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்க்காரி. புருஷன் இல்லை, ஒரே பெண் பிரியங்கா திருப்பதியில் நர்சிங் படிக்கிறாள். மாம்பழ சீசனில் பங்காருபாளையம் பக்கம் பழக்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போய், அங்கேயே கொட்டகையில் தங்கிவிட்டு வருவாள். போன வருஷம் அங்கே கொதிநீர்க் குழாய் வெடித்து, பக்கத்தில் நின்ற சுலோசனா என்பவள் வெந்து செத்தாள். பிணத்தை ஒரு வண்டியில் ஏற்றி ரோட்டோரம் போட்டுவிட்டு லாரி அடித்ததாகச் சொல்லிவிட்டார்கள். ஏற்றியதைப் பார்த்தவள் செல்லியம்மா ஒருத்திதான்.

நேராக என் கடைக்கு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல தொழிலாளர் புகார்ப் படிவத்தில் நான் தட்டினேன். கடைசியில் ‘பெயரை ரகசியமாக வைக்கவும்’ என்று ஒரு கட்டம் வரும், அதில் டிக் போட வேண்டும். அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள்.

“டிக்கு விழுந்துச்சா, நல்லா பாரு. எம் பேரு வெளிய தெரிஞ்சா என்னையும் ரோட்ல போட்டுடுவானுங்கோ.”

“விழுந்துச்சிக்கா, பயப்படாத,” என்றேன். உண்மையாகவே டிக் போட்டேன், சார். அதில் நான் அவளை ஏமாற்றவில்லை.

ஏழு மாதம் ஆயிற்று. ‘விசாரணையில் உள்ளது’ என்பதைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. பாபுவின் லாகினில் போய்ப் பார்த்தேன். அவளுடையதையும் சேர்த்து அறுபத்தோரு புகார் அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. விரல் போனது, கண் போனது, ஆள் போனது. அத்தனையையும் இறக்கினேன். ‘மக்கள் கண்’ என்று நான் நடத்துகிற இணையப் பக்கத்தில் போட முடிவு செய்தேன்.

வெங்கட்டிடம் மட்டும் சொன்னேன். என் அக்கா மகன், திருப்பதியில் அலிபிரி பக்கம் தங்கி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

“போடு மாமா, வேணாங்கல. ஆனா குடுத்தவங்க பேரு, அட்ரஸ்ஸுலாம் அடிச்சிட்டுப் போடு. ரெண்டு மணி நேர வேலை.”

எனக்கு எரிச்சல் வந்தது. பெயரில்லாத புகாரை எவன் நம்புவான்? மொட்டைக் கடுதாசி என்று குப்பையில் போடுவான். அதிகாரி மறைத்தால் ஊழல், நான் மறைத்தால் தர்மமா என்று கேட்டேன். அதோடு கடையில் கூட்டம், இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது? இருந்தது இருந்தபடியே போட்டேன். முதல் நாளே பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். சென்னையிலிருந்துகூட பாராட்டி எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்னாலேயே செல்லியம்மா வந்து நின்றாள். வேர்க்கடலைக் களை எடுக்கப் போகிறவள், கையில் களைக்கொட்டு.

“இன்னாப்பா பூஷணம், எம் பேரு எல்லார் போன்லயும் போய்க்கினு கீதாமே. டிக்கு போட்டன்னியே.”

“ஊரே உன் பக்கம் நிக்குதுக்கா. பதினோராயிரம் பேரு பாத்துக்கீறாங்கோ.”

“அவங்கள்லாம் எங்கூட வயலுக்கு வருவாங்களா? எம் பொண்ண உங் கால்ல வேணா விழச் சொல்றேன், எடுத்துடு நைனா.”

எடுத்திருக்கலாம். ஒரு பட்டனை அமுக்குகிற வேலை. ஆனால் வெளியே வந்துவிட்ட தகவல் எனக்குச் சொந்தமில்லை, அது எல்லாருக்கும் பொது. ஒருத்தி பயந்தாள் என்பதற்காக மற்ற அறுபது பேருடைய நியாயத்தைக் குலைக்க முடியுமா? பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள், தெலுங்கில் பேசினார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். எங்கள் ஊரில் செல்லியம்மா மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தி கண் தெரியாதவள், ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஆலைக்குப் போன செல்லியம்மா வீடு எது என்று கேட்டார்கள். நான் யோசித்தேன், சார். யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதிவிடாதீர்கள். கதவு எண் இல்லாவிட்டாலும் முகவரி ஏற்கெனவே பைலில் இருக்கிறது, உலகமே பார்த்துவிட்டது. நான் சொல்லாவிட்டால் சம்பந்தமில்லாத ஒரு செல்லியம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும். தெருமுனைக்கு வந்து வீட்டைக் காட்டினேன். காலையில் எந்த வழியாக வயலுக்குப் போவாள் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். கேட்கிற கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருப்பதும் மறைப்பதுதானே.

அடுத்த நாள் ஏழு மணிக்கு ஏரிக்கரை ரோட்டில் டெம்போ ஒன்று அவளை அடித்துவிட்டுப் போனது. நம்பர் பிளேட் இல்லை. விபத்து என்று பதிந்தார்கள். நான் போய்ப் போட்டோ எடுத்து என் இணையப் பக்கத்தில் போட்டேன். ‘உண்மை சொன்னதற்குப் பரிசு’ என்று தலைப்புக் கொடுத்தேன். பிரியங்கா தன் அம்மாவை அதில்தான் முதலில் பார்த்தாள் என்கிறார்கள். அதற்காக வருத்தப்படுகிறேன். ஆனால் அந்தப் போட்டோ இல்லாவிட்டால் நீங்கள் இன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருப்பீர்களா? சுலோசனா கேஸைத் திரும்ப எடுத்திருக்கிறீர்கள். ஒரு உயிர் போனாலும் ஒரு உண்மை நின்றது. இந்தக் கணக்கு எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

வெங்கட் வேறு ஏதோ சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். பைலில் நான் எதையுமே அடிக்கவில்லை என்றது முழு உண்மை இல்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துப் புகார்கள் இருபத்து மூன்றை நான்தான் தட்டினேன். போன் இல்லாத ஜனங்கள், ஓடிபி வர வேண்டுமே என்று தொடர்பு எண் இடத்தில் என் செல் நம்பரைக் கொடுத்திருந்தேன். அடியில் கடைப் பெயரும் விழுந்திருந்தது. வெளியிடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, அந்த இருபத்து மூன்று இடத்திலும் என் நம்பரும் கடைப் பெயரும் தெரியாதபடி கறுப்புப் பட்டை போட்டேன். மத்தியானச் சோறுகூடச் சாப்பிடவில்லை. ஒன்று விட்டுப்போயிருக்குமோ என்று முதலிலிருந்து இன்னொரு தரம் பார்த்தேன். பெயர் வெளியே வந்தால் ஆலைக்காரர்கள் ஆளை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா, சார், எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்.