பாரு பாரு

மலேசியாவின் ஈப்போவில் ஒரு மருந்துக் கவுண்டர் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"டாக்டரு 'பாரு பாரு'ன்னாரு, எங்க வீட்டுக்காரரு சொவத்தப் பாத்தாரு," என்றார் மூத்தவர்.

இளையவர் சிரித்துவிட்டார். "மலாய்ல நுரையீரலுக்குப் பேரே அதுதான, அக்கா."

"அவருக்கும் தெரியும்லா. காய்ச்சல்ல ஒண்ணும் புரியல. நாலு நாளு இருமுனாரு. வாயுதான்னு நெனச்சு நானும் தைலத்தத் தேச்சிக்கிட்டே இருந்தேன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கவும்தான் பயந்துட்டேன்."

"நிமோனியாவா?"

"ஆமா. ஒரு வாரம் வார்டுல, எல்லாம் ஊசி மருந்துதான்."

"இப்ப எப்படிக்கா இருக்காரு?"

"நாலு படி ஏறுனா உக்காந்துருவாரு. மூச்சு இழுத்துப் பழக ஒரு டப்பா குடுத்திருக்காங்க, உள்ள மூணு பந்து. எவ்வளவு இழுத்தாலும் ரெண்டுதான் மேல ஏறும். கோவத்துல கீழ வச்சிருவாரு."

மூத்தவரின் எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டடி நடந்தவர் திரும்பினார்.

"இன்னிக்குக் காலையில தோச ஊத்திக்கிட்டிருந்தேன். ஹால்லேருந்து கூப்பிட்டாரு. ஓடுனா, மூணாவது பந்து ஏறியிருக்கு. வேற பேச அவருக்கு மூச்சு இல்ல. டப்பாவக் காட்டி, 'பாரு, பாரு'ன்னாரு."