மேட்டுத்தீயை அணைத்த கை

பெயர் கந்தப்பர் இராசையா. வயது எழுபது அளவில் இருக்கும், பிறப்புப் பதிவுப் பத்திரம் இல்லை. விலாசம் நிலாவெளிக் கடற்கரை. முன்பு கடற்றொழில், இப்போது கரையில் தீ மூட்டுபவர். எழுத வாசிக்கத் தெரியாதவர். அவர் பொலிஸ் நிலையத்தில் கூறுவதாவது:

தீ மூட்டுவதைத் தடுத்த கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டீர்கள். ஆண்டு இலக்கம் எனக்குத் தெரியாது. பெருஞ்சூறாவளி தென்னைகளைப் பிடுங்கி எறிந்த மார்கழிக்கு அடுத்த வருடம், தேர்தலில் ஆட்சி மாறிய வருடம், ஆவணி மாதம்.

எங்கள் கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும் பாறைத்தொடர், கற்பார் உண்டு. அதில் தோணி வர ஒரேயொரு வாய்தான் இருக்கிறது. இருட்டும் நேரத்தில் தோணிகள் கடலில் இருந்தால் தண்ணீரோரம் ஒரு தீயும், அதற்கு நேர் பின்னால் மணல்மேட்டில் ஒரு தீயும் மூட்டுவோம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் வாய் நேரே இருக்கிறது. ஒரு தீ மட்டும் தெரிந்தால் கரை இருக்கிறது என்று தெரியுமே தவிர, வழி தெரியாது.

அந்த ஆவணியில், தரையில் இருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்றில் மேட்டுத்தீயின் பொறி பறந்து கீழே கரையில் ஆட்கள் தங்கி வலை வைக்கும் ஒன்பது ஓலை வாடிகள் எரிந்தன. அதன் பின் கடற்றொழிலாளர் சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். வாடியையும் வலையையும் இழந்த கோணேஸ்வரி எழும்பி, "உங்கட தீ கடலில ஆக்களைக் காப்பாத்தும், கரையில ஆக்களைக் கொளுத்துமோ? இராசையாண்ணை, உங்கட வீடு மேட்டுக்கு அங்கால எண்டபடியாத்தான் உங்களுக்கு இந்தக் கதை" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. வந்திருந்த மீன்பிடி இலாகா உத்தியோகத்தர், மேட்டுத்தீயை நிறுத்தினால் நைலோன் வலை கிடைக்க ஒழுங்கு செய்வதாகச் சொன்னார்.

சங்கத் தலைவர் சோமசேகரம் என்னோடு இருபத்திரண்டு வருடம் ஒரே தோணியில் தொழில் செய்தவர். அன்று காலை அவர், "நீ வாய் திறவாதை மச்சான், உனக்குக் கோவம் வரும். ரெண்டு தீயும் வேணுமெண்டு நான் எழும்பிச் சொல்லுறன்" என்று சொல்லியிருந்தார். ஆகவே நான் பேசாமல் இருந்தேன். அவர் எழும்பி, கரைத்தீ ஒன்றே போதும் என்றார். சபையில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவரைப் பார்த்தேன், அவர் உத்தியோகத்தரைப் பார்த்தார்.

அதன் பின் ஒரு வருடம் தோணிகள் பகல் வெளிச்சத்தோடு கரை சேர்ந்தபடியால் பிழை ஒன்றும் தெரியவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குப் பின் வாடைக்காற்று எழும்பியது. குணரத்தினத்தின் தோணி மட்டும் வரவில்லை. அதில் மூன்று பேர். பொழுது சாய்ந்த மைம்மல் நேரத்தில் நான் கரைத்தீயை மூட்டி, அதன் பின் தென்னமட்டை சுமந்துபோய் மேட்டிலும் மூட்டினேன். காற்று கடலில் இருந்து வீசியது, வாடிப் பக்கம் பொறி போகாது. தீ ஆளுயரத்துக்கு எழும்பிய பின் சோமசேகரம் ஓடிவந்து, "விசரே உனக்கு? கூட்டத்தில முடிஞ்ச காரியம். பொலிசு வந்தா ஆர் பதில் சொல்லுறது?" என்றார். "பதிலை நான் சொல்லுறன், தோணி வரட்டும்" என்றேன். அவர் கையால் மண்ணை வாரி நெருப்பில் போட்டார். நான் கையைப் பிடிக்க, என்னைத் தள்ளினார். நான் விழுந்து எழும்புவதற்குள் மட்டைகளைக் காலால் சிதறடித்து மண் மூடிவிட்டார், புகைதான் மிச்சம். அதன் பின் மழை விழுந்ததால் மட்டை பிடிக்கவில்லை. சிறிது நேரத்தில் கற்பாரில் இருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது.

தோணி கற்பாரில் மோதி உடைந்து குணரத்தினமும் அவர் தம்பி வீரசிங்கமும் இறந்துபோனார்கள். புதன்கிழமை பாடை தூக்கியபோது சோமசேகரத்தின் தோள் என் தோளோடு உரசிக்கொண்டு வந்தது. அவர் சுடலையில் இருந்து நேரே இங்கு வந்து, கூட்டத்து முடிவில் இருந்த கோபத்தால் நான் கரைத்தீயை இடம் மாற்றி மூட்டினேன் என்றும், தான் அந்த நேரம் பட்டினத்தில் நின்றதாகவும் முறைப்பாடு எழுதிக் கொடுத்ததை நீங்கள் வாசித்துத்தான் அறிந்தேன். கரைத்தீ மூட்டிய கருகல் இன்னும் பழைய இடத்தில் கிடக்கிறது. மேட்டில் எங்கள் இருவரைத் தவிர எவரும் இல்லை.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இடது பெருவிரல் அடையாளம் வைக்கிறேன்.

விரல் வைக்க முன் சேர்க்கும்படி கேட்டது: சாட்சி உண்டா என்று மறுபடியும் கேட்டீர்கள். மேட்டுத்தீ எரிந்ததையும் அது திடீரென்று மறைந்ததையும் தோணியில் வந்தவர்கள் கடலில் இருந்து கண்டிருப்பார்கள். சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். மூன்றாமவர் அன்று சுகமில்லாத ஒருவருக்குப் பதிலாகப் போனவர். அவர் தோணியில் இருந்தது விடிந்த பின்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. இன்று காலை ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு திரும்பியதாகச் சொல்கிறார்கள். கேட்பதானால் தகப்பனை வெளியே நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அந்தத் தோணியில் உயிரோடு மிஞ்சியவர் சோமசேகரத்தின் மகன் யோகராசா.