ஒரு கழுதை தேவை

— கழுதை கிடைக்கலைன்னா நம்ம எல்ம் ஃபோர்க்ல வாக்குச்சாவடியே கிடையாது, வெர்லின் அண்ணே. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் பேரு குடுத்தாகணும்.

— நான் கேக்குறேன் டார்லீன், நீ தேர்தல் ஆபீஸ்ல வேலை பாக்குறியா, மாட்டுச்சந்தையிலயா? ஊர்ல இருக்கறது முன்னூத்திப்பத்து ஓட்டு. அத்தனையும் யானைச் சின்னத்துக் கட்சி. கழுதைக் கட்சிக்காரனுக்கு எங்க போறது?

— சட்டம்ணே! மேஜைக்கு ரெண்டு பேரு, கட்சிக்கு ஒருத்தர். யானைக்குப் பதினெட்டு வருஷமா நீங்க. கழுதைக்கு ஓபல் அக்கா இருந்தாங்க. அவங்க இப்ப அரிசோனாவுல மக வீட்ல வெயில் காயுறாங்க.

— தொலைஞ்சா! ஓட்டுப்பெட்டிக்கு சீல் வச்சு ரெண்டு பேரும் ஒரே வண்டியில நார்பெக் தலைமை ஆபீஸுக்குக் கொண்டு போகணும். நாப்பத்திரெண்டு மைலும் சிகரெட்டு ஊதியே என்னைக் கருவாடாக்கினவ.

— கேளு டார்லீன், கருவாடுன்னு திட்டிக்கிட்டே இந்த மனுஷன் அவளுக்குச் சோள ரொட்டி கட்டிக்கிட்டுப் போவாரு.

— ஜாய்ஸ், நீ சும்மா இருடீ. நான் கேக்குறேன், போஸ்டர் ஒட்டலையா?

— ஒட்டினேனே! தீவனக் கடையில, சர்ச்சுல, சலூன்ல. ‘ஜனங்களே, ஒரு நாள் தேர்தல் வேலைக்கு வாங்க, நாட்டுக்குக் கை குடுங்க’ன்னு. எவனோ அடியில ‘கழுதைக்குப் புல்லு உண்டா?’ன்னு எழுதிட்டுப் போயிருக்கான்.

— ஹ! கையெழுத்து நல்லா இருந்துச்சா?

— உங்க கையெழுத்து மாதிரி இருந்துச்சுண்ணே.

— ...சரி, சாவடி இல்லைன்னா என்னாகும்?

— எல்லாரும் நார்பெக் போய்த்தான் ஓட்டுப் போடணும். நவம்பர் பனியில, அந்த ரோட்டுல. வாக்கர் வச்சு நடக்குற மில்லி பாட்டி போவாங்களா?

— விடமாட்டேன்! சாவடி நடக்குறது எங்கப்பன் ஆணியடிச்சுக் கட்டின ஹால்ல. எவனாச்சும் பூட்டுப் போட்டுப் பாக்கட்டும்.

— அப்ப யாராச்சும் ஒருத்தர் சும்மா கழுதைன்னு சொல்லிட்டு உக்காரட்டுமே, மனுஷா.

— கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணணும்டீ! சாவடிக்குக் கட்சித் தொப்பி போட்டு வந்தான்னு கூடப்பொறந்தவனையே வெளிய தள்ளினவன் நான். என் மேஜையில தில்லுமுல்லு நடக்காது.

— சரி. டார்லீன், என் பேரை எழுது.

— அண்ணி, யானைக்குத்தான் அண்ணன் இருக்காரே...

— கழுதைக்கு எழுதுடி.

— ஜாய்ஸ்!

— காப்பியைக் கீழ வை மனுஷா, சட்டையெல்லாம் ஊத்துது பாரு.

— முப்பத்திநாலு வருஷம்! ஒரே படுக்கை! வாசல்ல எட்டடி யானைப் படம் நட்டு வச்சிருக்கேன், நீதானே பெயிண்ட் அடிச்சே?

— காதுக்கு மட்டும்தான் அடிச்சேன்.

— நான் கேக்குறேன், நீ ஹார்லன் பொண்ணுதானா? உன்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப, உங்கப்பன் என் பேரைக்கூடக் கேக்கலை, எந்தக் கட்சின்னுதான் கேட்டான். கழுதைக்காரனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு வாசல்லயே சொன்னான்!

— அவருக்குப் பொண்ணா இருந்து அலுத்துப் போச்சு, அதான். வெளிய சொன்னா நீயும் அவரை மாதிரி மாசக்கணக்குல பேசாம இருந்துடுவியோன்னு பயந்தேன். ஓட்டுப் போடுற தடுப்புக்குள்ள போனா நானும் பேனாவும்தான். அந்த ரெண்டு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. போதுமா?

— அண்ணே, அண்ணியைத் திட்டாதீங்க. என் வேலை முடிஞ்சுது. யானைக்கு நீங்க, கழுதைக்கு அண்ணி. வண்டியும் ஒண்ணுதான், பெட்ரோலும் மிச்சம். அண்ணி, இங்க ஒரு கையெழுத்து.

— போட்டாச்சு.

— அண்ணே, நீங்க?

— பேனாவைத் தள்ளி வை டார்லீன்.

— ஏன், பொண்டாட்டி பக்கத்துல உக்கார மாட்டீங்களா?

— உக்காருவேன். அதில்ல.

— வெர்லின், என்னாச்சு?

— ஓபலுக்கு மட்டும் தெரியும். மகராசி, ஒருத்தர்கிட்ட மூச்சு விடலை.

— என்ன தெரியும்? சொல்லித்தொலை மனுஷா!

— அன்னிக்கு உங்கப்பன் கேட்டப்ப எனக்கு நீ வேணும், ஜாய்ஸ். வேற ஒண்ணும் தோணலை. யானைன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். சொன்னதைக் காப்பாத்தவே இத்தனை வருஷம் ஓடிப்போச்சு. உன் பக்கத்துல உக்காந்து இன்னொரு தடவை பொய்ச் சத்தியத்துக்குக் கையைத் தூக்க என்னால ஆகாது.

— அண்ணே... மணி நாலரை. எனக்கு ஒண்ணும் புரியலை.

— சட்டம் கட்சிக்கு ஒருத்தர்தானே தங்கச்சி? கழுதைக்கு ஆள் கிடைச்சாச்சு. ஓடிப்போய் ஒரு நல்ல யானையாப் பாத்துப் புடி.