குவாட்டர் பாஸ்ட் டென்

யாழ்ப்பாணத்திலிருந்து கொடிகாமம் போகும் மினிபஸ். எனக்கு முன்சீற்றில் இரண்டு இளம் பெண்கள். மடியில் ஃபைல் வைத்திருந்தவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிலிசிலை நேரத்தை நான் மூண்டு விதமாச் சொல்லுவன். லண்டனிலை இருக்கிற என்ரை மனுசனுக்கு ஒண்டுதான் தெரியும்."

"பிறகேனடி விசாவுக்கான இங்கிலிசுச் சோதினை செய்யாமல் திரும்பி வாறாய்?"

"இண்டைக்குத் திங்கட்கிழமை. ஏழரையிலையிருந்து ஒன்பது மட்டும் ராகு காலம். மாமி படலையைத் திறக்க விடேல்லை."

"ஏழரைக்கு முன்னம் வெளிக்கிட்டிருக்கலாமே?"

"அப்ப ஆர் சமைக்கிறது? சோதினை ஒன்பதரைக்கு எண்டு நாலு தரம் சொன்னனான். ராகு காலத்திலை வெளிக்கிட்டால் விசா கிடைக்காதெண்டு மனுசி ஒரே பிடி."

"போய்ச் சேரேக்கை?"

"பத்தேகால். வாசலிலை நிண்டவர் தன்ரை மணிக்கூட்டைக் காட்டி, இப்ப என்ன நேரமெண்டு இங்கிலிசிலை கேட்டார். குவாட்டர் பாஸ்ட் டென் எண்டன். டென் ஃபிஃப்டீன் எண்டும் சொன்னன். ஃபிஃப்டீன் மினிட்ஸ் பாஸ்ட் டென் எண்டும் சொன்னன். ஒரு பிழை இல்லை."

"அவர் என்ன சொன்னவர்?"

"வெரி குட் எண்டு சொல்லிப்போட்டுக் கேற்றைப் பூட்டினார்."

தோழி சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து ஃபைல்காரியின் ஃபோன் அடித்தது.

"ஓம் மாமி, பஸ்ஸிலை வாறன்... ஓம், இங்கிலிசிலைதான் கேட்டவை... வெரி குட் எண்டு சொன்னவை, மாமி."

மாமியின் குரல் எனக்கே கேட்டது.

"பாத்தியே பிள்ளை? அதுக்குத்தான் நேரம் பாத்து வெளிக்கிடச் சொன்னனான்."