ஐஸ் பெட்டிக்கு நான் பொறுப்பு

உண்மையைத் தேடுகிற மனிதன் எந்த வழியில் புறப்பட்டாலும் கடைசியில் ஒரு பாலைவனத்தில்தான் வந்து நிற்பான். நாகரிகம் அவன் மேல் பூசியதை எல்லாம் மணல் உரித்துவிடும். உரித்த பின் எது மிஞ்சுகிறதோ அதுதான் மனிதன்.

இது என் வாக்கியம் இல்லை. என் அக்கா புருஷர் சுந்தரராமன் ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன அரங்கத்தில் மைக் முன்னால் நின்று சொன்னது. சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு முகத்தைத் திருப்பி, ஏசி பதினெட்டில்தான் இருக்கிறதா, ஏன் இப்படிப் புழுங்குகிறது என்று அரங்கத்து ஆளை அதட்டினார்.

இன்ஸ்பெக்டர் சார், அவர் எப்படிச் செத்தார் என்று மட்டும்தான் நீங்கள் கேட்டீர்கள். எப்படி இருந்தார் என்பதை விட்டுவிட்டு அதை மட்டும் எழுதினால் உங்கள் காகிதத்தில் நான் ஏதோ கொடியவன் மாதிரித் தெரிவேன். ஓமானில் நடந்ததற்கு இங்கே ஏன் வந்தாய் என்றும் கேட்டீர்கள். மயிலாப்பூரில் குடியிருக்கிறவன் வேறு எங்கே போவேன். தவிர, நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். எனக்கு அது பழக்கமில்லை.

அத்திம்பேர், அக்கா புருஷரை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம், வங்கியில் பொது மேலாளராக ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை செங்கல்பட்டைத் தாண்டியதெல்லாம் ஏசி கோச்சில் தூங்கிக்கொண்டுதான். ஓய்வு பெற்றதும் உடம்பெல்லாம் பை வைத்த கையில்லாத சட்டை ஒன்று வாங்கினார். ஒரு பையில் மூக்குக்கண்ணாடி, இன்னொன்றில் பல்குத்தி. மற்றவை காலி. அதைப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து அவர் பயணி. வருஷத்துக்கு ஒரு பயணம் போவார். திரும்பி வந்து மயிலாப்பூர், அடையாறு, தி. நகர் என்று அரங்கம் அரங்கமாகப் பேசுவார். திரையில் படம் ஓடும்.

அந்தப் படத்தை ஓட்டுகிறவன் நான். மேடைக்குக் கீழே தூணுக்குப் பின்னால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 'அடுத்தது' என்பார். அமுக்குவேன். வருஷக்கணக்காக எங்களுக்குள் நடந்த சம்பாஷணையில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்தான். நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவன். கல்யாணம் ஆகவில்லை. அவர் மேடையில் சொன்ன வரலாறு, புவியியல் எல்லாம் நான் படித்து எழுதிக் கொடுத்தவை. உச்சரிப்பு மட்டும் அவருடையது. அதுவும் தப்பு. நன்றி சொல்லும்போது மைக்காரர் பெயரைச் சொல்வார், காபி கொடுத்தவர் பெயரைச் சொல்வார், பிறகு 'நம்மாத்துப் பையன் ஒத்தாசை பண்ணினான்' என்பார். எனக்கு ஐம்பத்துநான்கு வயது.

இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

போன ஏப்ரலில் ஓமான் போனோம். மஸ்கட்டிலிருந்து கடலை ஒட்டித் தெற்கே வண்டியில் போவது. ஒரு பக்கம் பாலைவனம், மறு பக்கம் கடல், சாயங்காலமானால் கடற்கரையிலேயே கூடாரம். விவரம் தெரிந்தவர்கள் குளிர்காலத்தில் போவார்கள். அதனாலேயே அவர் ஏப்ரல் என்றார். வெயில் இல்லாத பாலைவனம் பெசன்ட் நகர் பீச் மாதிரி என்று எல்லோரிடமும் சொன்னார். முழங்கால் வலி என்று அக்கா மீனாட்சி வரவில்லை.

அத்திம்பேருக்கு நெடுநாள் சர்க்கரை. வேளாவேளைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால்தான் உயிர் ஓடும். விமான நிலையத்தில் அக்கா ஒரு நீலப் பையை என் கையில் கொடுத்தாள். பேனா மாதிரியான ஊசிகள், மொத்தப் பயணத்துக்கும் வேண்டியவை அதற்குள் இருந்தன.

"ஹரி, இத அவர்கிட்ட குடுத்துடாதே. எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவார். ஐஸ் பெட்டியிலேயே இருக்கணும். வெயில் பட்டுண்டே இருந்தா அது வெறும் தண்ணிடா."

"தெரியும்க்கா" என்றேன்.

தெரியும் என்று சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விவரம் தெரியாமல் செய்தான் என்று பிற்பாடு யாராவது வக்கீல் சொல்லக்கூடும். அது எனக்கு அவமானம்.

மஸ்கட்டில் அமீன் வண்டியோடு நின்றான். ராயப்பேட்டைக்காரன், அங்கே போய்ப் பல வருஷம் ஆனவன், ஊர்ப் பேச்சு மட்டும் மாறவில்லை. அத்திம்பேரின் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா சார், நம்மூரு வெயிலு பத்தலன்னு இங்க வந்துக்கினீங்களா?" என்றான். அத்திம்பேர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. மணலும் மனிதனும் பற்றி அவனுக்கும் கொஞ்சம் சொன்னார். அமீன் டயரில் காற்று பார்க்கப் போய்விட்டான்.

வண்டியின் பின்பக்கம் ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்துக் குளிர்விப்பது. "அதுக்கு நீ பொறுப்பு" என்றார் அத்திம்பேர். அவர் எனக்குக் கொடுத்த வேலைகளில் பொறுப்பு என்று பெயர் வைத்துக் கொடுத்தது இது ஒன்றுதான். நீலப் பையை அடியில் வைத்தேன். அதன் மேல் என் தயிர்த் தூக்கு. எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மோர்சாதம் தவிர எது சாப்பிட்டாலும் எரியும். சென்னையிலிருந்து உறைமோர் கொண்டுபோய், மஸ்கட்டில் பால் வாங்கித் தோய்த்திருந்தேன்.

சூர் என்கிற ஊரைத் தாண்டிய முதல் கடற்கரையில் அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "கேமரா பாட்டரி சூடாறது. இந்தத் தூக்கை எடுத்து வெளியில வை" என்றார். என் வயிற்றைப் பற்றிச் சொன்னேன். பாட்டரி போச்சுன்னா பயணமே போச்சு என்றார். தூக்கு டிக்கியில் போனது. சாப்பாட்டு நேரத்தில் திறந்தபோது அது தயிர் என்று சொல்லத் தக்கதாக இல்லை. நான் ரஸ்கைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன்.

அத்திம்பேர் அமீனிடம், "இவனைக் கொண்டுபோய் நிலாவுல விட்டாலும் மோர் இருக்கான்னுதான் கேப்பான்" என்றார்.

"வுடு சார். ஒட்டகத்தப் புடிச்சி கறந்து தோச்சிக் குடுத்துரலாம்" என்றான் அமீன்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபத்தில் செய்ததாக நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் நானும் அமீனும் கூடாரம் அடித்தோம். காற்றில் துணி கையை அறுத்துக்கொண்டு போயிற்று. கடைசி முளையை அடித்ததும் அத்திம்பேர் சுத்தியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, என்னைக் கேமராவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். "பாலைக்காற்றோடு ஒற்றை ஆளாக மல்லுக்கட்டி இந்தக் கூரையை எழுப்பினேன்" என்று கேமராவைப் பார்த்துப் பேசினார். திருப்தி இல்லை என்று மறுபடியும் பேசினார். நான் எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன்.

பிறகுதான் யோசித்தேன். நியாயமாகத்தான் யோசித்தேன். பெட்டியில் இடம் குறைவு. எது இல்லாமல் ஒருவன் வாழ முடியாதோ அதை வெளியே எடுத்து வைக்கலாம் என்பது விதி. விதியைச் செய்தவர் அவர். எனக்குத் தயிர் எப்படியோ, அவருக்கு நீலப் பை அப்படி. ஒருவருக்குச் செல்லும் விதி இன்னொருவருக்கும் செல்ல வேண்டும்; இல்லாவிட்டால் அது விதியே இல்லை. நூலகத்தில் இருந்தவன், எனக்கு ஒழுங்கு முக்கியம்.

மறுநாள் காலை அவர் ஊசி போட்டுக்கொண்டதும் பையை வாங்கி, பெட்டியில் வைப்பதற்குப் பதிலாக வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். வெயில் நேராக விழும் இடம். அத்திம்பேர் பின் சீட்டில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டு வருகிறவர், முன் சீட்டில் நான். ஊசி நேரம் நெருங்கும்போது எடுத்து ஐஸ் பெட்டியில் போட்டுவிடுவேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். இதில் கஷ்டமான காரியம் எதுவும் இல்லை. ஐஸ் பெட்டிக்கு நான் பொறுப்பு. யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள்.

ஒரு தடவை அமீன் கேட்டான். "சார், இன்னா பை இது, இங்க கெடந்து வெந்துக்கினு கீது?"

என் கண்ணாடிக் கூடு என்றேன். அவன் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தன் சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டான்.

அத்திம்பேருக்கு மட்டும் பையைப் பற்றிப் பரம திருப்தி. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "ஜில்லுனு இருக்கு. இந்த ஒண்ணையாவது உருப்படியாப் பண்றே" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

உடம்பு கெட ஆரம்பித்தது. ஓயாமல் தாகம், ஓயாமல் ஒதுங்கப் போவது. சர்க்கரை பார்க்கும் கருவி பெரிய எண்ணாகக் காட்டியது. போகிற வழியெல்லாம் வாங்கித் தின்ற பேரீச்சம்பழத்தின் மேல் பழியைப் போட்டு ஊசியைக் கூட்டிப் போட்டுக்கொண்டார். கூட்டிப் போட்டது தண்ணீரைத்தான். நான் பழத்தை நிறுத்தச் சொன்னேன். அக்கறையாகத்தான் சொன்னேன், பழம் நல்லதில்லை.

அவர் நம்பியது வேறு. மணல் தன்னை உரிக்கிறது என்று நம்பினார். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, கூடாரத்து வாசலில் உட்கார்ந்து, "இந்த நிலம் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்கிறது" என்று கேமராவுக்குச் சொன்னார். சொன்ன பிறகு மணலில் வாந்தி எடுத்தார். அதை எடிட்டில் வெட்டிவிடு என்று கை காட்டினார்.

அமீன் என்னைத் தனியே கூப்பிட்டான். "சார், பெரிய சாரு மூஞ்சியே செரியில்ல. மூச்சு வேற ஒரு மாரி வாங்குது. வண்டிய இப்பவே ஆஸ்பத்திரிக்கு வுடுறேன்."

அவரிடம் கேட்போம் என்றேன். போய்க் கேட்டேன். அவருக்கே பயம் வந்திருந்தது. பொது மேலாளர் குரல் போய்விட்டது. "போயிடலாம் ஹரி. முடியலடா. மீனாட்சிகிட்ட பேசணும்" என்றார்.

அந்த இடத்தில் நான் அமீனிடம் ஒரு சொல் சொன்னால் போதும், வண்டி கிளம்பிவிடும். எனக்கு அது தெரியும். நான் கேமராவை எடுத்துக்கொண்டேன்.

"போகலாம் அத்திம்பேர். அஸ்தமனம் மட்டும் பாக்கி இருக்கு. இந்த மாதிரி முகத்தோட ஒரு பயணியை நம்ம ஊர்ல யாரும் பார்த்திருக்க மாட்டா. உங்களைத் தவிர யாரால முடியும் சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டையின் பைகளை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வெயில் இறங்குகிறவரை உட்கார்ந்தார். பேச்சு குழறியது. மணல், மனிதன் என்று இரண்டு சொல் மட்டும் விளங்கிற்று. ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது அமீன் ஓடிவந்து தூக்கினான். ஆஸ்பத்திரி வெகு தூரம். போகிற வழியெல்லாம் அமீன் அழுதுகொண்டே ஓட்டினான். அங்கே என்ன சொன்னார்கள் என்பது நான் உங்கள் மேஜையில் வைத்த மரணச் சான்றிதழில் இருக்கிறது. சர்க்கரை நோயாளி, வெயில், வயது. யாரும் பையைக் கேட்கவில்லை. பை ஜில்லென்றுதான் இருந்தது.

அக்காவிடம் நானே தொலைபேசியில் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "மருந்தெல்லாம் ஒழுங்காப் போட்டுண்டாரா?" ஒரு வேளை கூடத் தவறவில்லை என்றேன். அது பொய் இல்லை.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. நான் இங்கே வரக் காரணம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமை லஸ் பக்கத்தில் ஒரு அரங்கத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். வாசலில் ஆள் உயரப் படம். நான் எடுத்த படம். வங்கியில் அவரோடு இருந்த ஜவஹர் என்பவர் மேடையேறி, 'பாலைவனம் தன் பிள்ளையைத் தன் மடிக்கே அழைத்துக்கொண்டது' என்றார். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்தவர் அவரை மாவீரர் என்றார். இப்படி வரிசையாகப் பேசிக்கொண்டே போனார்கள். பாலைவனம் யாரையும் அழைக்கவில்லை, சார். மணல் தன் பாட்டுக்குக் கிடந்தது. அந்த மனிதர் செத்தது என்னால். காலை தோறும் நான் பையை வெயிலில் வைத்தேன், சாகட்டும் என்றுதான் வைத்தேன். நான் செய்ததற்கு மணலுக்குப் பெயர் போவதை நூலகத்தில் இருந்த ஒருவனால் பொறுத்துக்கொள்ள முடியாது. உண்மை பதிவாக வேண்டும் என்பதற்காகத்தான் வந்திருக்கிறேன். வேறு நோக்கம் எதுவும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் கடைசிப் பேச்சு என்னுடையது. 'பாலைக் கடற்கரையில் சில நாட்கள்' என்று அழைப்பிதழில் தலைப்பே போட்டிருந்தார்கள், என் பெயரோடு. படங்களை நானே ஓட்டி நானே பேசுவதாக ஏற்பாடு. மூன்று மாதம் தயார் செய்திருந்தேன்.

எனக்கு முன்னால் பேசியவர் முடித்ததும் டிபன் தயார் என்று அறிவித்துவிட்டார்கள். நான் மேடையேறியபோது அரங்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் மைக்காரர். இன்னொருவர் நாற்காலி அடுக்க வந்தவர். மூன்றாவது, அக்கா. இரண்டாவது படத்திலேயே அவள் தூங்கிவிட்டாள்.